டர்போ காருக்கு எந்த டம்ப் வால்வு? – ஒரு பட்டறைப் பாடம்

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "கவிதை எழுதுடா, பக்கமும் நிரம்பும், பேரும் கிடைக்கும்" என்றார்கள் வகுப்புத் தோழர்கள். எனக்குக் கவிதை வராது. ஸ்பேனர் பிடிக்கத்தான் வரும். எனவே, இன்பிளான்ட் டிரெயினிங்கின்போது கோவையில் ஒரு கார் பட்டறையில் நான் செய்த இரண்டு தப்புகளையும், அவற்றால் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் எழுதுகிறேன். இது நம் சிலபஸில் இல்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்ளத் தேவையான கணக்கு முழுவதும் முதலாம் ஆண்டு பிசிக்ஸ்தான்.

பட்டறைக்கு வந்தது 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ பெட்ரோல் கார். அதன் சொந்தக்காரர் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் விடுமுறை நாட்களில் ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர். பெரிய டர்போ மாட்டி, பூஸ்டை 1.5 பாருக்கு ஏற்றியிருந்தார். ஏற்றிய சில வாரங்களில் பழைய டம்ப் வால்வு கிழிந்துபோயிற்று. "தம்பி, புதுசு வாங்கி வெச்சிருக்கேன், மாட்டிக் குடுங்க" என்று ஒரு பளபளப்பான அலுமினிய வால்வை என் கையில் கொடுத்தார். காற்றை வெளியே விட்டு 'புஸ்ஸ்ஸ்' என்று சத்தம் போடும் வகை. மேஸ்திரி அண்ணன் ஊரில் இல்லை. நானே மாட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, சத்தம் பிரமாதம்!

மறுநாள் மாலை, பள்ளிக்கூடம் விடும் நேரம். அவினாசி ரோட்டில் சிக்னலை நெருங்கும்போது அவர் கிளட்சை மிதித்திருக்கிறார். என்ஜின் அப்படியே அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் இறுகிப்போய், வண்டி தானாக உருண்டு, முன்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகள் ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் நின்றதாம். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருந்த வேக்குவம்தான் காப்பாற்றியது. அவர் திட்டவில்லை. "மாட்டினது நீங்கதானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

1. இந்த வால்வின் வேலை என்ன?

வெளியேறும் புகையின் சக்தியால் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுவது டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இலேயே இந்த யோசனைக்குப் பேட்டன்ட் பெற்றார். விற்பனைக்கு வந்த பயணியர் கார்களில் டர்போ வந்தது 1962-இல், அமெரிக்காவில். நம் நாட்டுச் சாலைகளில் பெட்ரோல் டர்போ பெருகியது அண்மைக் காலத்தில்தான். 2017-இல் பலேனோ ஆர்எஸ், நெக்ஸான், 2019-இல் வென்யூ என்று வரிசையாக வந்தன.

கார் டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. முழு பூஸ்டில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் த்ராட்டில் தகடு மூடிக்கொள்கிறது. ஆனால் சக்கரம் உடனே நிற்குமா? நிற்காது. மோட்டார் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட் வால்வைச் சட்டென்று அடைத்ததுபோல, கம்ப்ரஸருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது. அழுத்தம் ஏறி, காற்று கம்ப்ரஸர் வழியாகவே பின்னோக்கிப் பாய்கிறது. மறுபடி முன்னால் வருகிறது, மறுபடி பின்னால் போகிறது. இதற்கு 'சர்ஜ்' என்று பெயர். ஒவ்வொரு தடவையும் சக்கரத்துக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் ஓர் அடி விழுகிறது. டர்போவின் வேகமும் குறைந்துபோவதால், கியர் மாற்றியபின் பூஸ்ட் மறுபடி ஏறத் தாமதமாகிறது.

இந்த மாட்டிக்கொண்ட காற்றுக்கு ஒரு வழி திறந்துவிடுவதுதான் டம்ப் வால்வு. வால்வின் தலைப்பகுதி ஒரு சிறு குழாயால் இன்டேக் மேனிபோல்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். த்ராட்டில் மூடியதும் மேனிபோல்டில் உண்டாகும் வேக்குவம் வால்வை மேலே இழுத்துத் திறக்கிறது.

"அப்படியானால் நம்ம காலேஜ் பஸ்ஸில் ஏன் இது இல்லை?" என்று கேட்பீர்கள். அது டீசல். டீசல் என்ஜினில் சக்தியைக் கட்டுப்படுத்துவது ஊற்றும் டீசலின் அளவு, த்ராட்டில் தகடு அல்ல. காற்றுப் பாதையைச் சட்டென்று அடைக்காதபோது காற்று மாட்டிக்கொள்வதும் இல்லை.

2. வெளியே விடுவதா, உள்ளே திருப்புவதா?

மறுநாள் மேஸ்திரி அண்ணன் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, இந்த வண்டி காத்தை எதை வெச்சு அளக்குது?"

"ஏர் மாஸ் சென்சாருங்ணா. ஃபில்டருக்குப் பக்கத்துல இருக்குதுங்."

"அளந்த காத்தை ஊருக்குத் தானம் பண்ணிப்போட்டு, கணக்கை மட்டும் கம்ப்யூட்டர்கிட்டக் குடுத்தா, அது என்ன பண்ணும்?"

இதுதான் முதல் கேள்வி நண்பர்களே! வண்டி காற்றை எப்படி அளக்கிறது?

ஏர் மாஸ் சென்சார் உள்ள வண்டியில், சென்சாரைத் தாண்டிய காற்று எல்லாம் சிலிண்டருக்குப் போகிறது என்று ஈசியு நம்புகிறது. அந்தக் கணக்குப்படி பெட்ரோல் ஊற்றுகிறது. நடுவழியில் வால்வு காற்றை வெளியே விட்டால், பெட்ரோல் இருக்கும், காற்று இருக்காது. கலவை கெட்டியாகும். கியர் மாற்றும்போது திணறும், கரும்புகை வரும்.

அதோடு முடியவில்லை. என்ஜின் ஐடிலில் ஓடும்போதும் மேனிபோல்டில் வேக்குவம் உண்டு. ஸ்பிரிங் லேசாக இருந்தால் வால்வு அப்போதும் திறந்தே இருக்கும். வெளியே விடும் வகையாக இருந்தால், அளக்கப்படாத காற்று, ஃபில்டரையும் பார்க்காத தூசிக் காற்று, அந்த ஓட்டை வழியாக உள்ளே வரும். இப்போது கலவை நீர்த்துப்போகும். கிளட்சை மிதித்து சிக்னலுக்கு உருண்டு வரும்போது முதலில் கெட்டி, உடனே நீர்ப்பு. என்ஜின் அணையாமல் வேறென்ன செய்யும்?

ரீசர்குலேட்டிங் வகையில் இந்தத் தொல்லை இல்லை. வெளியேறும் காற்று ஒரு ஹோஸ் வழியாக, சென்சாருக்குப் பின்னும் கம்ப்ரஸருக்கு முன்னும் உள்ள குழாய்க்கே திரும்பிப் போகிறது. ஒருமுறை அளந்த காற்று கணக்கை விட்டு வெளியே போவதில்லை. ஐடிலில் திறந்திருந்தாலும் அளந்த காற்றுதான் சுற்றி வரும். சத்தமும் குறைவு.

மேனிபோல்டு அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்து ஈசியு காற்றைக் கணக்கிடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் வெளியே விட்டாலும் பெட்ரோல் கணக்கு அவ்வளவாகக் கெடாது. ஆகவே 'வெளியே விடும் வால்வே கெட்டது' என்று நான் சொல்ல வரவில்லை. சென்சாரைப் பார்க்காமல் வால்வை வாங்காதீர்கள் என்கிறேன்.

3. என் இரண்டாவது தப்பு

ரீசர்குலேட்டிங் வால்வு ஒன்று வரவழைத்தோம். பிஸ்டன் வகை. பெட்டியில் மூன்று ஸ்பிரிங்குகள் இருந்தன. லேசு, நடுத்தரம், கடினம். நான் யோசித்தேன்: 'பூஸ்ட் 1.5 பார், அதிகம். அதிக அழுத்தம் வால்வைத் தள்ளித் திறந்துவிடாமல் இருக்கக் கடினமான ஸ்பிரிங்தானே வேண்டும்?' போட்டேன்.

ஓட்டிப் பார்த்தோம். முழு வேகத்தில் காலை எடுத்தால் நன்றாக இருந்தது. ஊருக்குள் மெதுவாகப் போய்க் காலை லேசாகத் தளர்த்தினால் பானெட்டுக்குள் 'தத்தத்தத்த' என்று புறா சிறகடிப்பதுபோல ஒரு சத்தம். எனக்கு அது ரேஸ் கார் சத்தமாகக் கேட்டது.

"அது பாட்டு இல்ல கண்ணு, டர்போ அழுகுது" என்றார் அண்ணன். "டிப்ளமா படிக்கிறியே, ஸ்பிரிங்குக்குக் கணக்குப் போட்டியா?"

போடவில்லை. அன்று மத்தியானம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். அதை அப்படியே கீழே தருகிறேன்.

4. ஸ்பிரிங் கணக்கு

வால்வைக் கழற்றி வெர்னியரால் அளந்தேன். பூஸ்ட் கீழிருந்து தள்ளும் முகத்தின் விட்டம் 25 மி.மீ., பரப்பு 4.91 ச.செ.மீ. மேனிபோல்டு அழுத்தம் படும் தலைப்பகுதியின் விட்டம் 40 மி.மீ., பரப்பு 12.57 ச.செ.மீ. ஒரு பார் என்பது ஒரு ச.செ.மீ.க்கு 10 நியூட்டன். விசை = அழுத்தம் × பரப்பு. அவ்வளவுதான்! எல்லா அழுத்தமும் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு, கீழ் எவ்வளவு என்ற கணக்கில். திரும்பிப் போகும் பக்கத்தில் ஏறக்குறைய வெளிக்காற்று அழுத்தமே இருப்பதாக வைத்துக்கொண்டேன்.

(அ) முழு த்ராட்டில். குழாயிலும் மேனிபோல்டிலும் 1.5 பார். திறக்கத் தள்ளுவது 4.91 × 15 = 74 நியூட்டன். மூடத் தள்ளுவது 12.57 × 15 = 189 நியூட்டன். ஸ்பிரிங்கே இல்லாவிட்டாலும் 115 நியூட்டன் மூடும் பக்கமே மிச்சம்!

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பூஸ்ட் ஏற ஏற வால்வு இன்னும் இறுக்கமாக மூடுகிறது. பூஸ்டைத் தாங்குவது ஸ்பிரிங் அல்ல, தலைக்கு வரும் அந்தச் சிறு குழாய்தான். என் யோசனை அடியோடு தப்பு.

(ஆ) முழு பூஸ்டிலிருந்து காலை முழுதாக எடுத்தல். குழாயில் 1.5 பார், மேனிபோல்டில் 0.6 பார் வேக்குவம். திறக்கும் விசை 74 + 75 = 149 நியூட்டன்.

(இ) ஊருக்குள் காலை லேசாகத் தளர்த்தல். குழாயில் 0.8 பார், மேனிபோல்டில் 0.1 பார் வேக்குவம். திறக்கும் விசை 39 + 13 = 52 நியூட்டன். இங்கே வால்வு திறந்தாக வேண்டும்.

(ஈ) நிதானமாகப் பாதி மிதியில் ஓட்டுதல். குழாயில் 0.5 பார், மேனிபோல்டில் பூஜ்யம். திறக்கும் விசை 25 நியூட்டன். இங்கே வால்வு திறக்கக் கூடாது. திறந்தால் அமுக்கிய காற்று வீணே சுற்றி வரும், பூஸ்ட் சோம்பலாக ஏறும்.

ஆக, மூடிய நிலையில் ஸ்பிரிங்கின் விசை 25-க்கு மேலும் 52-க்குக் கீழும் இருக்க வேண்டும்.

அடுத்து ஸ்பிரிங்குகளை எடை போட்டோம். டிரில்லிங் மெஷின் மேசையில் பக்கத்து மளிகைக் கடைத் தராசை வைத்து, ஸ்பிண்டிலால் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் வால்வுக்குள் அது இருக்கும் நீளத்துக்கு அமுக்கினோம். லேசு 1.5 கிலோ, நடுத்தரம் 4 கிலோ, கடினம் 12 கிலோ காட்டியது. அதாவது சுமார் 15, 40, 120 நியூட்டன். நான் போட்டிருந்த 120-க்கு (ஆ) நிலையில் மட்டும்தான் வால்வு திறக்கும். ஊருக்குள் எல்லாம் சர்ஜ்தான். 15 போட்டால் பாதி மிதியில் ஒழுகும். 40 தான் சரி. விடை தராசிலேயே இருந்தது!

இந்த எண்கள் அந்த ஒரு வால்வுக்கும் அந்த வண்டிக்கும் உரியவை. உங்கள் வண்டிக்கு நீங்களே அளந்து போட வேண்டும். ஸ்பிரிங்கைத் தீர்மானிப்பது பூஸ்ட் எவ்வளவு என்பதல்ல. த்ராட்டிலுக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதே.

5. டயாபிரமா, பிஸ்டனா?

டயாபிரம் வகையில் ரப்பர் சவ்வு அசைந்து வால்வைத் திறக்கும். பாஷ் கம்பெனியின் பிளாஸ்டிக் உடல் கொண்ட இவ்வகை வால்வுகள் பல ஐரோப்பிய கார்களில் உண்டு. உராய்வு இல்லை, சட்டென்று திறக்கும், விலையும் மலிவு, பராமரிப்பும் கிடையாது. ஆனால் வெப்பமும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து ரப்பரைக் கெடுக்கும். கம்பெனி நினைத்ததைவிட அதிக பூஸ்ட் போட்டால் சீக்கிரம் கிழியும். கிழிந்தால் பூஸ்ட் ஏறாது, ஐடிலும் ஆடும்.

பிஸ்டன் வகை முழுக்க உலோகம். கிழிய ஒன்றுமில்லை. அதிக பூஸ்டுக்கு உகந்தது. ஆனால் ஓ ரிங் தேயும். என்ஜின் பிரீதர் வழியாக வரும் எண்ணெய் ஆவி பிஸ்டனில் பிசினாகப் படிந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது கழற்றித் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவ வேண்டும். 'மாட்டினோம், மறந்தோம்' என்று இருக்க முடியாது.

கம்பெனி பூஸ்டுக்கு டயாபிரமே போதும். 1.5 பார் போன்ற அளவுக்குப் பிஸ்டன் நல்லது. ஆனால் அதைக் கவனிக்கும் பொறுமை வண்டிக்காரருக்கு இருக்க வேண்டும்.

6. அளவும் குழாய்களும்

பெரிய டர்போ அதிகக் காற்றைத் தள்ளும். வால்வின் வாய் சிறியதாக இருந்தால் திறந்தும் பயனில்லை. பழைய ஹோஸுக்குப் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் வாங்காமல், உள்விட்டத்தை அளந்து பாருங்கள்.

தலைக்கு வரும் சிறு குழாய்தான் வால்வின் உயிர். அதை த்ராட்டிலுக்குப் பின்னால் மேனிபோல்டிலிருந்து தனியாக எடுக்க வேண்டும். மீட்டருக்கும் மற்றதற்கும் 'டி' போட்டுப் பங்கு பிரித்தால் வால்வு தாமதமாகத் திறக்கும். நீளம் குறைவாக இருக்கட்டும். இடையில் ஒருவழி வால்வு இருந்தால் பூஸ்ட் தலையிலேயே சிறைப்பட்டு, காலை எடுத்தாலும் வால்வு திறக்காது.

25 மி.மீ. வாயில் 1.5 பார் என்றால் ஹோஸைக் கழற்றித் தள்ளும் விசை ஏழரைக் கிலோ. ஆகவே குழாய் முனையில் மேடு இருக்க வேண்டும், நல்ல கிளிப்பும் வேண்டும். திரும்பிப் போகும் ஹோஸில் வேறு பிரச்சினை. அங்கே உறிஞ்சுதல் இருப்பதால் மெல்லிய ஹோஸ் உள்ளே சப்பிக்கொள்ளும். அந்த ஹோஸ் சேரும் இடம் சென்சாரிலிருந்து தள்ளி, கம்ப்ரஸரைப் பார்த்துச் சாய்ந்து இருக்க வேண்டும். சென்சாரின் முகத்தில் காற்றை ஊதினால் அது மறுபடி தப்புக் கணக்குச் சொல்லும்.

7. மாட்டுமுன் ஒரு சோதனை

விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். தலைக் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். வால்வு திறந்த நிலையிலேயே நின்றால் சவ்வோ ஓ ரிங்கோ நல்லது. மெல்ல இறங்கினால் ஒழுகல். அடுத்து, சைக்கிள் பம்பில் 'டி' போட்டுத் தலைக்கும் கீழ் வாய்க்கும் ஒரே சமயத்தில் 22 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 1.5 பார், ஏற்றுங்கள். பக்க வாயில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஒழுகுவது குமிழியாகத் தெரியும். கடைசியாக டர்போ தண்டை விரலால் அசைத்து ஆட்டம் பாருங்கள். அந்த வண்டியில் நல்லவேளையாக ஆட்டம் கூடவில்லை. எனக்கு உயிர் வந்தது.

முடிவாக

40 நியூட்டன் ஸ்பிரிங்கைப் போட்டு நாங்கள் ஓட்டிப் பார்த்தோம். புறாச் சத்தம் இல்லை. சிக்னலில் பத்துத் தடவை கிளட்சை மிதித்து நிறுத்திப் பார்த்தோம், ஒரு தடவையும் அணையவில்லை. 'புஸ்ஸ்ஸ்' சத்தமும் இல்லை. சொந்தக்காரர் முகத்தில் அதற்கு ஒரு சின்ன வருத்தம் தெரிந்தது. அந்தப் பள்ளி ஆட்டோவை நான் நினைவுபடுத்தினேன். "வேண்டாந் தம்பி, சத்தமில்லாமயே இருக்கட்டும்" என்றார்.

நண்பர்களே! 'அழுத்தம் × பரப்பு' என்பதை முதலாம் ஆண்டில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்தோம், எழுதினோம், மறந்தோம். எழுத்தறிவு அதிகமில்லாத மேஸ்திரி அண்ணன் அனுபவத்தால் கண்டதை, டிப்ளமா படிக்கும் நான் கணக்கால் கண்டிருக்க வேண்டும். காணத் தவறியதால்தான் ஒரு மாலை நேரம் முன்பின் தெரியாத பிள்ளைகள் ஆபத்தின் விளிம்பில் நின்றார்கள். நாளை நாம் எந்தப் பட்டறைக்கோ ஃபேக்டரிக்கோ போனாலும், ஒரு பாகத்தை மாட்டுமுன் அது எந்த விசையில் திறக்கும், எந்த விசையில் மூடும் என்று ஒரு துண்டுத் தாளிலாவது எழுதிப் பார்ப்போம். அந்தக் காலண்டர் தாளை நான் இன்னும் ரெக்கார்டு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். வைவாவில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்!